பக்கத்தில் பிராந்திக் கடை உண்டா?

விடுதி மேனேஜர் வேலையில் பாதி, அறையை வாடகைக்கு விடுவது. மீதிப் பாதி, "இது அந்த மாதிரி விடுதி இல்லைங்க" என்று சத்தியம் செய்வது. நான் வேலை பார்த்த புதுச்சேரியில் இரண்டாவது பாதிதான் பெரிசு.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய்ச் சில வருஷங்களே ஆகியிருந்த சமயம். சுற்றிலும் சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு. எங்கள் ஊரில் மட்டும் பிராந்திக் கடைகள் பட்டப்பகலில் திறந்திருக்கும். அதனால் விழுப்புரத்தில் ரயில் மாறி எங்கள் ஊருக்கு வரும் ஆண்பிள்ளை எவரையும் உலகம் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். "கடல் காத்து வாங்கப் போறேன்" என்று அவர் சொல்வதை வெளியார் நம்பினாலும் வீட்டில் நம்ப மாட்டார்கள்.

எங்கள் விடுதி கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளடங்கி, முன்பு ஒரு பிரெஞ்சு நீதிபதி குடியிருந்த வீடு. முதலாளி எங்கள் ஊர் முத்தியால்பேட்டையில் நூல் வியாபாரம் செய்தவர். பிரம்மச்சாரிகளும், பிரம்மச்சாரிகளைப் போல நடந்துகொண்டவர்களும் உடைத்துப் போட்ட நாற்காலிகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வெறுத்துவிட்டது. ஒரு கோடை விடுமுறையின் தொடக்கத்தில் 'இனிமேல் குடும்பங்களுக்கு மட்டும்' என்று பலகை எழுதி மாட்டினார். மாட்டிய கையோடு என்னைக் கூப்பிட்டு, "தணிகாசலம், பள்ளிக்கூடம் தொறக்கற வரைக்கும் பாப்பேன். புள்ளகுட்டிக்காரங்க வந்தா சரி. இல்லன்னா காரைக்கால்காரர் ஒருத்தர் பிராந்திக் கடை வைக்க எடம் கேக்கறாரு, குடுத்துடுவேன்" என்றார்.

அந்த வீட்டின் பின்கட்டில்தான் நானும் என் மனைவி ராஜாமணியும் எங்கள் இரண்டு பெண்களும் குடியிருந்தோம். கடை வந்தால் எனக்கு வேலையும் போகும், வீடும் போகும். குழந்தைகளை இழுத்துக்கொண்டு வெளியூரில் அறை தேடி அலைந்து, கதவு திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிய அனுபவம் உங்களுக்கு இருக்கும். கதவைத் திறந்துவிட்டவன் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

குடித்துக் காட்டிய தண்ணீர்

குடும்பம் வந்து இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. கணவர் படுக்கைச் சுருளோடு வாசலில் நிற்பார். மனைவி உள்ளே வந்து அறையைப் பார்ப்பார். அவர் தலையசைத்தால்தான் சுருள் உள்ளே வரும். எந்த ஊர்க்காரரும் இதை மீறி நான் பார்த்ததில்லை.

பலகை மாட்டிய பிறகு முதலில் வந்தது சேலத்து வாத்தியார் ஒருவரின் குடும்பம். மதுவிலக்கை முதன்முதலில் பார்த்த ஜில்லா அது. வாத்தியார் மனைவி கட்டிலைக் குலுக்கிப் பார்த்தார். ஜன்னல் கம்பிக்குள் பையன் தலை மாட்டுமா என்று அவன் தலையை வைத்தே பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மேஜைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். அங்கே குடிதண்ணீர் பச்சை நிறப் பிராந்திப் பாட்டிலில் இருந்தது. எங்கள் ஊரில் காலிப் பாட்டில் இல்லாத சமையலறை கிடையாது. நல்லெண்ணெய், மண்ணெண்ணெய், குடிதண்ணீர் எல்லாம் அதில்தான் இருக்கும். ராஜாமணியும் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, சாம்பல் போட்டுக் கழுவி, அறைக்கு ஒன்றாக வைத்திருந்தாள். எங்களுக்கு அது கண்ணிலேயே படவில்லை. அந்த அம்மாளுக்கு அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"வெறும் தண்ணிதாம்மா" என்றேன். "அப்படின்னா குடிங்க" என்றார். வாசலில் சுருளோடு நின்ற வாத்தியார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். முழுப் பாட்டிலையும் மடமடவென்று குடித்துக் கீழே வைத்தேன். அந்த அம்மாள் என் கண்களை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரி, இப்ப அந்த மாடிப்படியில ஏறி எறங்கிக் காட்டுங்க, பாக்கலாம்."

நீதிபதி விட்டுப்போன தொட்டி

அன்றே பாட்டில்களை எல்லாம் ஒழித்து மண் கூஜா வைத்தேன். ஆனால் ஒழிக்க முடியாத சாமான் ஒன்று மாடியில் இருந்தது. பெரிய அறையை ஒட்டிய குளியலறையில், முழங்கால் உயரத்தில், வெள்ளைப் பீங்கானில், பூசணிக்காயை நீளவாக்கில் வெட்டிக் குடைந்ததைப் போல ஒன்று. நீதிபதி அதைத் தரையோடு பதித்துவிட்டுப் போயிருந்தார். என்னவென்று எனக்குத் தெரியாது. எங்கள் காவல்காரர் அந்துவானுக்குத் தெரியும். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்த பழைய சிப்பாய். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னார்: வெள்ளைக்காரச் சீமாட்டிகள் அதன்மேல் உட்கார்ந்து, முழுக்கக் குளிக்காமல், கழுவ வேண்டியதை மட்டும் கழுவிக்கொள்வார்களாம். அதைக் கேட்டதிலிருந்து நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. வருஷக்கணக்காக யாரும் தொடாமல் கிடந்ததை ராஜாமணிதான் விவரம் தெரியாமல் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தாள்.

திண்டிவனத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் கைக்குழந்தையோடு அந்த அறையைப் பார்க்க மாடி ஏறினார். வெகுநேரம் ஆகியும் இறங்கவில்லை. நானும் அந்துவானும் போய் எட்டிப் பார்த்தோம். குழந்தை அந்தத் தொட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்து தண்ணீரைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. முதுகு சாய்ந்துகொள்ள வாட்டம், புரண்டு விழ முடியாத குறுகல், தண்ணீர் தானாக வடிய ஓட்டை. அந்துவான் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் சொல்லலாமா வேண்டாமா என்று விழுங்கிக்கொண்டிருந்தபோதே அந்த அம்மாள் கணவரை மேலே கூப்பிட்டுக் காட்டினார்: "வெள்ளக்காரன் புள்ளைங்கள எவ்ளோ அக்கறையா வளத்திருக்கான், பாருங்க!"

அந்துவானின் அதிகாரம்

தொட்டியின் புகழ் முதலாளி காதுக்குப் போய், பலகையில் 'குழந்தைகளுக்குத் தனிக் குளியல் தொட்டி உண்டு' என்று சேர்த்து எழுதச் சொல்லிவிட்டார். அதைப் படிக்க மனசு வராமல் அந்துவான் கொஞ்ச நாள் பின்வாசல் வழியாகவே வந்து போனார். ஆனால் குழந்தைகள் அவரை விடவில்லை. வாயிலில் விறைப்பாக நின்று, மெடல்கள் குலுங்க, கைக்குழந்தைக்கும் சல்யூட் அடிக்கிற மனிதரை வேறு எந்த ஊரில் பார்ப்பார்கள்?

திருவண்ணாமலையிலிருந்து வந்த ஒரு பையன் சாப்பிட மாட்டான். அம்மா தட்டோடு தாழ்வாரமெல்லாம் துரத்துவார், அப்பா குறுக்கே மறிப்பார், நான் பூனை மாதிரி கத்திக் காட்டுவேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு நாள் அந்துவான் பொறுமை இழந்து பூட்ஸ் காலைத் தரையில் தட்டி, "மான்ஜே!" என்று ஒரு அதட்டல் போட்டார். சாப்பிடு என்பதுதான் அதற்கு அர்த்தம். பையன் நேராக உட்கார்ந்து, தட்டைக் காலி செய்து, சல்யூட்டும் அடித்தான். ஊருக்குக் கிளம்பும்போது அப்பா அந்துவானைத் தனியாக ஓரம் கட்டினார்: "ஐயா, அந்த அதட்டலை எனக்கு ஒரு தடவை சொல்லிக் குடுங்க. தமிழுக்கு இவன் அடங்க மாட்டேங்கறான்."

சாத்திக் கிடந்த ஊர்

மத்தியானம் எங்கள் ஊர் தூங்கும். கடைகளை இழுத்துச் சாத்திவிட்டு வெயில் தாழ்ந்த பிறகுதான் திறப்பார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கம், அவர்கள் போன பிறகும் யாரும் எழுப்பவில்லை. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்ந்தது. கூட ஒரு பெண் குழந்தை, பால் வேண்டும் என்று வீறிட்டு அழுதுகொண்டு. அப்பா பாலுக்காகத் தெருத்தெருவாக அலைந்து, வெறுஞ்செம்போடு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். "என்ன சார், ஊர்ல யாராவது பெரிய மனுஷன் போயிட்டாரா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். தூங்குகிறார்கள் என்றேன். குழந்தைக்குப் பால் கிடைக்காத ஊரில் எப்படித் தங்குவது என்று சுருளை மறுபடி கட்ட ஆரம்பித்தார். ராஜாமணி எங்கள் பெண்களுக்கு வைத்திருந்த பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்து நீட்டினாள். அன்று எங்கள் வீட்டில் கஞ்சிதான்.

பால் குடித்த குழந்தை, சத்தமே இல்லாத அந்தத் தெருவில், சாயங்காலம் வரை அசையாமல் தூங்கியது. கூடவே அப்பாவும் அம்மாவும் தூங்கிவிட்டார்கள். எழுந்து வந்த அந்த அம்மாள் முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது. கொட்டாவியோடு சொன்னார்: "மெட்ராஸையும் இப்படி மத்தியானம் சாத்தச் சொல்லணுங்க."

மிட்டாய் வாங்கிக் கொடுத்த அப்பா

எல்லாம் கூடி வருகிற நேரத்தில் வேலூரிலிருந்து ஒரு குமாஸ்தா குடும்பத்தோடு வந்தார். நல்ல மனிதர், நெற்றி நிறைய விபூதி. சாயங்காலமானால் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? அவர் மனைவியே, "ஊர்ல இருந்தா அவளத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டார், இங்க வந்து எவ்வளவு பாசம் பாருங்க" என்று ராஜாமணியிடம் பூரித்துப்போனார். நானும் நம்பினேன்.

ஒரு நாள் கூடத்தில் எல்லாரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகள் சட்டினியைத் தொட்டுக்கொண்டே எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்: "அப்பா, இன்னைக்கும் எனக்கு மிட்டாய் வாங்கிக் குடுத்துட்டு நீங்க அந்தப் பாட்டில் மாமா கடையில உக்காருவீங்களா?"

படுக்கைச் சுருளோடு நின்றவர்

வேலூர் அம்மாள் சும்மா போகவில்லை. போகிற வழியில் முத்தியால்பேட்டைக்கே போய், நூல் கடையில் வாடிக்கையாளர்கள் நடுவில், "அந்தப் பலகையக் கழட்டுங்க" என்று முதலாளியை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் ரயிலேறினார். முதலாளி அன்று மாலையே வந்தார். "ஒன்மேல தப்பு இல்ல தணிகாசலம். ஆனா இந்த ஊருக்கும் குடும்பத்துக்கும் ஒத்து வராதுப்பா. காரைக்கால்காரருக்குச் சொல்லி அனுப்பிட்டேன், நாளைக்கோ மறுநாளோ வந்து எடத்தப் பாப்பாரு" என்றார். ராஜாமணி பெண்களின் பாவாடைகளை மடித்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் நான் எதிர்பார்த்தது அளவுநாடாவோடு வரும் ஓர் ஆளை. வந்ததோ ஒரு குடும்பம். வழக்கம்போல அம்மாள் முன்னால், குழந்தைகள் பின்னால், கணவர் சுருளோடும் தலையணை மூட்டையோடும் வாசலில். இருக்கிற வரை இருக்கட்டும் என்று மாடியைக் காட்டினேன். அம்மாள் கூஜாவைத் தொட்டுப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்து, கடைசிப் பையனை அதில் உட்கார வைத்துவிட்டு எழுப்ப மனமில்லாமல் நின்றார். கீழே இறங்கி வந்து, எல்லா அம்மாக்களும் கடைசியில் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல பிராந்திக் கடை உண்டா?"

"இன்னைக்கு இல்லம்மா. ஆனா இந்த வீட்டையே கடையாக்கப் போறதாப் பேச்சு" என்றேன். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "புள்ளைங்க தங்கற இந்த வீட்டையா? அந்த யாவாரம் எனக்குத் தெரியாதா? காரைக்கால்ல எங்க வீட்டுக்காரருக்கே அதுதான் தொழில். கடைக்கு மேல மாடியிலதான் எங்க குடித்தனம். எங்க சின்னவன் மொதமொதல்ல பேசினதே கெட்ட வார்த்தை! எங்கேயோ எடம் பாக்கப் போறேன்னு இவரு கெளம்பினாரு, புள்ளைங்க நாலு நாள் நல்ல காத்துல இருக்கட்டும்னுதான் நானும் கூட வந்தேன். இங்கயும் ஒருத்தன் கொண்டாந்து வைக்கப் பாக்கறானா? யாருங்க அந்தப் பாவி? பேரச் சொல்லுங்க!"

எனக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக வாசலைப் பார்த்தேன். தலையணை மூட்டைக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. கைகள் இரண்டிலும் சாமான் இருந்ததால் அவர் கண்களாலேயே என்னைக் கும்பிட்டார்.

"யாரோ வெளியூர்க்காரராம்மா, பேரு தெரியல" என்றேன்.

இருந்த நாள் வரை நிம்மதியாக இருந்தார்கள். சின்னவன் அந்துவானிடமிருந்து நல்ல வார்த்தைகளாகச் சில கற்றுக்கொண்டான், அவை பிரெஞ்சில் இருந்தாலும் அம்மாளுக்குச் சந்தோஷம்தான். ரிக்‌ஷாவில் எல்லாரும் ஏறிய பிறகு காரைக்கால்காரர் மட்டும் சுருளைச் சரியாகக் கட்டவில்லை என்று சாக்குச் சொல்லித் திரும்பி வந்தார். "மேனேஜரே, எடம் வேணாம்னு ஒங்க மொதலாளிகிட்ட சொல்லிட்டேன், பலகை அப்படியே இருக்கட்டும்னாரு. அடுத்த லீவுக்கும் அந்தத் தொட்டி ரூமையே எங்களுக்கு எடுத்து வைக்கணுமாம், உத்தரவு. தயவுசெஞ்சு அவகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க!"

பின்கட்டுக்கு ஓடிப்போய் ராஜாமணியிடம் சொன்னேன்; அவள் அழுதாள், சிரித்தாள், பிறகு பெட்டியைத் திறந்து பாவாடைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.

குழந்தை குட்டிகளோடு தங்க ஏற்ற விடுதி எது என்று யாராவது இன்றைக்கு என்னைக் கேட்டால், குடும்பத் தலைவர் வாயைத் திறக்காமல் படுக்கையைத் தூக்கிக்கொண்டு எதற்குள் நுழைகிறாரோ அதுதான் என்பேன்.