மழைக்கு முன் ஒரு மொட்டை

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். லாரி ஷெட்டில் வண்டி கழுவத் தொடங்கி, இன்று திருத்தணியில் சொந்தமாக இரண்டு வேன் வைத்திருக்கிறேன். யார் கையையும் எதிர்பார்த்ததில்லை. மலைக்கு வரும் கூட்டத்தை இந்தப் பக்கம் நகரி, புத்தூர் வரைக்கும், அந்தப் பக்கம் சென்னை வரைக்கும் ஏற்றி இறக்கியவன். எந்த ரயில்வே பாலத்தடியில் எந்த மழைக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று என்னைக் கேட்டால் போதும், செல்போனில் வழி பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். அப்படிப்பட்ட நான் போன வருடப் புயலில் சென்னைக்குப் போய்க் காலி வேனோடு திரும்பி வந்தேன்.

என் மகளைச் சென்னையில் கொடுத்திருக்கிறேன். ஏரியை ஒட்டிய பள்ளமான தெரு, கீழ் வீடு. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, என் மகள், கைக்குழந்தையாக என் பேரன். புயல் செய்தி கேட்டதும் வேனை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன். தெருவில் அதற்குள் முழங்கால் தண்ணீர். மகள் பையோடு தயாராக இருந்தாள். சம்பந்தியம்மா மட்டும் கட்டிலை விட்டு எழவில்லை.

"நீங்க போங்க சம்பந்தி. நானு புள்ள வீட்டுக்காரி. மூட்டைய தூக்கிகினு பொண்ணு வீட்ல வந்து ஒண்டிகினு இருப்பனா?"

"உசுரு பெருசா, மரியாத பெருசா?" என்று கத்தினேன்.

"ஆங், இன்னும் சத்தமா கத்துங்க. உங்க ஊருக்கும் கேக்கட்டும்."

"அத்தைய உட்டுட்டு எப்டி நைனா வர்றது?" என்று மகளும் பையை இறக்கி வைத்துவிட்டாள். மாடி வீட்டுக்காரர் தயவில், கரண்ட் இல்லாமல், அங்கேயே கிடந்தார்கள். பாலுக்குப் பேரன் அழுததைப் போனில் கேட்டேன். பிறகு போனும் அணைந்துவிட்டது. அந்த அழுகை வருடம் முழுக்க என் காதிலேயே இருந்தது. சாப்பிடும்போது பாதியில் எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவேன். வெயில் கொளுத்தும் வைகாசியில் பார்த்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

அந்த வைகாசியிலேயே திட்டம் போட்டேன். வேனில் கயிறு, தார்ப்பாய், காற்றடித்த டியூப், பால் பவுடர், மண்ணெண்ணெய் அடுப்பு. திருவள்ளூர் ரோட்டில் தண்ணீர் வந்தால் அரக்கோணம் வழி. அந்த வழியில் ஒருநாள் வெறும் வண்டியை ஓட்டியும் பார்த்துவிட்டேன். ஒரு கலெக்டர்கூட இப்படி யோசித்திருக்க மாட்டார் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எல்லாம் சரி. அந்தம்மாவ எப்டி ஏத்துவீங்க? அதுக்குதான் கயிறா?"

"வந்துதான் ஆவணும்."

"கண்ணாலம் ஆனதுலேர்ந்து ஒரு தபாவாவது தட்டு வெச்சி, எங்க வீட்டுக்கு வாங்கன்னு கூப்ட்டுகிறீங்களா? தண்ணி வந்தப்புறம் வேன் வெச்சி கூப்ட்டா எவ வருவா?"

"மழ வருதுன்னு எவனாவது தட்டு வெப்பானா?"

"பேரனுக்கு மலைல மொட்டன்னு கூப்டுங்க. ஆனா சாமி பேர்ல பொய் ஆவாது. சொன்னா போட்டே ஆவணும்."

ஐப்பசியில், கடலில் தாழ்வு மண்டலம் என்று டிவியில் சொன்னதும் கிளம்பினோம். வெற்றிலை, பாக்கு, பழம், பூ, புடவை எல்லாம் வைத்துத் தட்டை என் மனைவியே நீட்டினாள். சம்பந்தியம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதோடு வண்டியில் ஏறினாரா? காபி போட்டார். காலண்டரைப் புரட்டினார்.

"நாளைக்கு நாளு அவ்ளோ நல்லா இல்லியே சம்பந்தி."

"முருகன் மலைல எல்லா நாளும் நல்ல நாள்தாங்க" என்றேன்.

என் கால் தரையில் நிற்கவில்லை. ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டே போனது. அவர் புடவைகளைப் பிரித்துப் பார்த்து மறுபடி மடித்தார். தனக்கு லீவு இல்லை, வேண்டுமானால் மாடிக்குப் போய்விடுகிறேன் என்று மாப்பிள்ளை சொன்னார். ஒருவழியாகக் கிளம்பிப் பூந்தமல்லி தாண்டும்போது முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது. கனகம்மாசத்திரத்தில் டீ குடிக்கலாம் என்று சம்பந்தியம்மா சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிறுத்தினேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் மலையில் நல்ல மழை. கூட்டமே இல்லை. மகள் மடியில் பேரன் வீறிட, முடி இறங்கியது. சம்பந்தியம்மா குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அப்போது மாப்பிள்ளை போன் செய்தார். கூடத்தில் இடுப்பளவு தண்ணீர், கட்டில் முழுகிவிட்டது, தான் மாடியில் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார். சம்பந்தியம்மா கேட்டுவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார். பேரன் தலையில் சந்தனத்தைத் தடவினார்.

"இந்த மழைல எவனாவது மொட்ட போடுவானா? எனக்கு தெரியாதுன்னு நெனச்சிகினீங்களா?"

"தெரிஞ்சா வந்தீங்க?"

"தட்டு வெச்சி கூப்ட்டீங்க, வந்தேன். முடி வளர்றதுக்குள்ள அடுத்த மழ வந்துட்டா இன்னா சொல்லி கூப்டுவீங்க?"

தண்ணீர் வடிந்ததும் அவர்களைச் சென்னையில் கொண்டுபோய் விட்டு வந்தேன். இப்போது பேரன் தலையில் அரிசி அளவு முடி முளைத்திருக்கிறது. கடலில் இன்னொன்று உருவாகிறதாம். தட்டை வேனிலேயே, டியூபுக்கு மேலே வைத்திருக்கிறேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.