இடது கைப் பொத்தான்

எந்தப் பொருளையும் அது இருக்கிறபடி விட்டுவைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. குவைத்தில், ஃபர்வானியாவில், நாங்கள் ஆறு பேர் தங்கியிருந்த ரூமின் கதவு தானாகச் சாத்திக்கொள்வதற்கு ஒரு கயிறும் மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டிலும் போதும் என்று செய்து காட்டியவன் நான். பாத்ரூமில் ஆள் இருப்பது வெளியே தெரியத் தாழ்ப்பாளோடு ஒரு சிவப்புத் தகரத்தை இணைத்தேன். "இவன் கையி சும்மா இருக்காதுடா" என்று ரூமில் கேலி செய்வார்கள். எனக்கு அது கேலியாகவே படாது. உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன்.

வேலை ஒரு பெரிய லாண்டரியில். இராக்கில் சண்டை தொடங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த காலம். ஹோட்டல் படுக்கை விரிப்புகள், ஆஸ்பத்திரித் துணிகள், அரபிகள் உடுத்தும் வெள்ளை திஷ்டாஷா எல்லாம் வண்டி வண்டியாக வரும். புதுக்கோட்டைப் பக்கத்தில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்த நான் அங்கே மெயின்டனன்ஸ் ஃபிட்டர். எட்டு ஸ்டீம் பிரஸ் மெஷின்கள் என் பொறுப்பில் இருந்தன. கீழே மெத்தை வைத்த பலகை, மேலே கொதிக்கிற இரும்புத் தலை. பலகையில் துணியை விரித்து, முன்னால் இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாக இருக்கிற இரண்டு பொத்தான்களையும் ஒரே சமயத்தில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் தலை இறங்கும். ஒரு கையை எடுத்தாலும் பாதியில் மேலே போய்விடும். முழுதாக இறங்கிவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும், தூக்குவதற்கு இடது ஓரத்தில் தனியாக ஒரு பொத்தான்.

அந்த மெஷின்களோடு வந்த கையேடு ஒன்று, எண்ணெய்க் கறையோடு டூல் ரூமில் கிடந்தது. அதன் முதல் சில பக்கங்களில், மெஷின் செய்த கம்பெனி போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வாங்கிய பேட்டண்ட் படங்களை எல்லாம் பெருமையாக அச்சடித்திருந்தார்கள். நீளப் பாவாடை கட்டிய ஒரு பெண் காலால் மிதிக்கிற பிரஸ். அடுத்ததில் மிதி போய் ஒரு நெம்புகோல். அதற்கடுத்ததில் ஒன்றுக்கு இரண்டு நெம்புகோல், பக்கத்தில் ஏ, பி என்று எழுத்து. மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணசருவார்கள், நான் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரோ ஒருவன் ஒரு திருகாணியை இரண்டு அங்குலம் தள்ளி வைத்ததற்குக்கூட எண் கொடுத்துப் பதிவு செய்து வைத்திருக்கிறார்களே என்று ஏக்கமாக இருக்கும். படம்தான் பார்ப்பேனே தவிர, கீழே பொடி எழுத்தில் இருந்த இங்கிலீஷைப் படித்தது இல்லை. இரண்டு நெம்புகோல் படத்தைப் பார்க்கும்போது மட்டும் சிரிப்பு வரும். ஒரு கையில் முடிகிற வேலைக்கு எதற்கு இரண்டு கை? அந்த ஆள் புத்தி கெட்டவன் என்றே நினைத்தேன்.

மூன்றாவது மெஷினில் நின்றவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ரூமில் எனக்கு மேல் கட்டிலில் படுப்பவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் இடது தோளில் ஷெல் துண்டு பாய்ந்த பழைய காயம் இருந்தது. கை தூக்க முடியும், ஆனால் நீட்டி அமுக்குவது கஷ்டம். ஒரு நாளைக்குப் பல நூறு தடவை அமுக்க வேண்டியிருந்தது. ராத்திரி கட்டிலில் ஏறும்போது பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். வேகம் குறைந்திருப்பதை சூப்பர்வைசர் கவனித்துவிட்டார். அடுத்த விசா புதுப்பிக்கும்போது இவரை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு அடிபட்டது.

"இன்னும் ரெண்டு வருஷம் நிண்டாப் போதும் தம்பி" என்றார் ஒரு வெள்ளிக்கிழமை, சட்டையைக் கழற்றித் தைலம் தேய்த்துக்கொண்டே. "பிள்ளையள் ரெண்டையும் வெளியில எடுத்திடுவன். ஆனா இந்தத் தோள் விடாது போல கிடக்கு. இடக்கை இனி ஏலாது."

"அண்ணே, நாளைக்கி டூட்டிக்கி வாங்க. ஒரு வழி பண்ணித் தர்றேன்" என்றேன்.

பாவம் பார்த்துச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பாவமும் இருந்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. என் மண்டைக்குள் ஒரு வடிவம் வந்து உட்கார்ந்துவிட்டது, அதைச் செய்து பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

மரப்பெட்டிகளைக் கட்டி வருகிற இரும்புப் பட்டையில் விரல் நீளத்துக்கு வெட்டி, வளைத்து, ஒரு கீல் வைத்தேன். இரண்டு திருகாணியில் இடது பொத்தானுக்கு மேல் பூட்டினேன். கட்டை விரலால் தட்டினால் கிளிப் இறங்கிப் பொத்தானை அமுக்கிக்கொண்டு நிற்கும். யாராவது பெரிய ஆள் வந்தால் மறுபடி ஒரு தட்டு, மேலே போய்விடும். பழைய மெஷின் என்பதால் ஒரு பொத்தான் நாள் முழுக்க அமுங்கியே கிடந்தாலும் அதற்குச் சந்தேகம் வராது. வலது கையால் மட்டும் அமுக்கினால் போதும், தலை இறங்கிவிடும். கிளிப்பின் முதுகில் ஆணியால் என் பெயரின் முதலெழுத்தைத் தமிழில் கீறிவைத்தேன். எனக்கு யார் பேட்டண்ட் கொடுக்கப்போகிறார்கள்?

அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டே நாளில் வேகம் கூடிவிட்டது. மூன்றாம் நாள் சூப்பர்வைசர் அவர் பின்னால் வந்து நின்று பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அச்சா ஹை பாய். சப் மெஷின் மே லகாவ்" என்றார். எட்டு மெஷினிலும் பூட்டச் சொன்னார். பூட்டினேன், எட்டிலும் எழுத்தைக் கீறினேன். அன்றிலிருந்து லாண்டரியில் என்னை எல்லோரும் இன்ஜினியர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு.

பெருநாளைக்கு நாலு நாள் இருந்தது. திஷ்டாஷா மலைபோல் குவிந்திருந்தது. அதில் கழுத்துப்பட்டிதான் கஷ்டம், கஞ்சி போட்டது, விரித்து வைத்ததும் சுருண்டுகொள்ளும். நான் பாய்லர் பக்கம் ஒரு பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "ஐயோ அம்மா" என்று தமிழில் ஒரு குரல் கேட்டது. அந்தக் கூடத்தில் தமிழில் கத்தக்கூடியவர்கள் இரண்டு பேர்தான், இன்னொருவன் நான்.

ஓடினேன். தலை முழுதாக இறங்கிப் பூட்டிக்கொண்டிருந்தது. அண்ணனின் இடது கை உள்ளே இருந்தது. தலையைத் தூக்குகிற பொத்தான் இருந்ததும் இடது ஓரத்தில்தான், அவருக்கு அந்தப் பக்கம் திரும்ப வழி இல்லை. வலது கையால் தன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பொத்தான் இருப்பதே அப்போது மறந்துபோனது. கத்தியை எடுத்து, தலையை அழுத்திப் பிடிக்கிற காற்றுக் குழாயை அறுத்தேன். தலை மேலே போயிற்று. அது எத்தனை வினாடி என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பம் இல்லை. கழுத்துப்பட்டி கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

ஆம்புலன்ஸ் வாசலைத் தாண்டவில்லை, சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்தார். "கிளிப் நிகாலோ. சப் நிகாலோ. ஜல்தி." எட்டையும் உடனே எடுக்கச் சொன்னார். எடுத்தேன். மூன்றாவது மெஷினின் கிளிப் இன்னும் சூடாக இருந்தது. எல்லாவற்றையும் வாங்கித் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். அறுந்த குழாய்க்குப் புதுக் குழாய் மாட்டி, அன்று மாலையே மெஷினை ஓட வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டை விரலைத் தவிர மற்ற நாலையும் எடுத்துவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து இன்ஷூரன்ஸ் ஆள் ஒருவர் விசாரிக்க வந்தார். கோட் போட்ட, மரியாதையான மனிதர். மூன்றாவது மெஷினில் வலது பொத்தானை மட்டும் அமுக்கிப் பார்த்தார், தலை அசையவில்லை. இரண்டையும் அமுக்கினார், இறங்கியது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் மேல் தவறு இல்லை என்று எழுதிக்கொண்டார். கம்பெனி ஏதாவது மாற்றி வைத்திருந்தால், ஆளை வைத்து வைத்தியம் பார்த்து வேறு வேலை கொடுக்க வேண்டியது கம்பெனி பொறுப்பு. ஆளே தில்லுமுல்லு செய்திருந்தால் கம்பெனி கை கழுவிவிடலாம். அதை அறிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அண்ணனுக்கு இங்கிலீஷும் வராது, அரபியும் வராது. அதனால் மொழிபெயர்க்க என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சூப்பர்வைசரும் கூட வந்தார்.

கட்டிலில் அண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை பெரிய வெள்ளைப் பொட்டலமாகத் தலையணை மேல் கிடந்தது.

இரண்டு பொத்தானும் அமுக்காமல் தலை எப்படி இறங்கியது என்று கேட்டார் அந்த ஆள். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம் இல்லை. பிறகு அந்த ஆளைப் பார்த்துச் சொன்னார்: "நான்தான் செய்தனான். மட்டையை மடிச்சு இடப்பக்கப் பொத்தானில செருகினனான். தோள் நொந்தது. ஒருத்தரும் சொல்லித் தரேல்லை."

அந்த ஆள் என் முகத்தைப் பார்த்தார். சூப்பர்வைசரும் பார்த்தார். நான் அதை ஒரு சொல் பிசகாமல் இங்கிலீஷில் சொன்னேன். அட்டை என்பதற்குச் சரியான வார்த்தை வராமல் கையால் மடித்துக்கூடக் காட்டினேன். அது பொய் என்று அந்த ரூமில் மூன்று பேருக்குத் தெரியும். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு சுத்தமாக எந்த வேலையும் செய்ததில்லை.

அவர்கள் டாக்டரைப் பார்க்கப் போனதும் நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். "ஏண்ணே இப்புடிச் சொன்னீங்க?"

"நான் எப்பிடியும் போகப்போறன். இந்தக் கையோட ஆர் வைச்சிருக்கப் போறாங்கள்? ரெண்டு பேரும் போய் என்ன பிரயோசனம்?" என்றார். அந்த வெள்ளைப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கை சும்மா இருந்தது தம்பி. பட்டி சுருண்டிட்டுது, நீவி விடுவம் எண்டு போட்டுது. நான் போகச் சொல்லேல்லை, அதுவாப் போட்டுது." பிறகு, நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஒண்டு மட்டும் செய். உந்தக் கிளிப்பை இனி ஒரு மெஷினிலயும் பூட்ட விடாதை. சத்தியம் பண்ணு."

செய்து கொடுத்தேன்.

அன்று டூல் ரூமில் உட்கார்ந்து, அந்த இரண்டு நெம்புகோல் படத்துக்குக் கீழே இருந்த பொடி எழுத்தை அகராதி வைத்துப் படித்தேன். வேலை செய்கிறவனின் ஒரு கை சும்மா இருந்தால், அவன் நினைக்காமலேயே அது துணிக்குப் போகும். ஆகையால் இரண்டு கைக்கும் தூரத்தில் ஒரு வேலை கொடுத்துக் கட்டிவைக்கிறேன் என்று அந்த மனிதர் விளக்கியிருந்தார். என்னைவிட நூறு வருஷம் முன்னால் எங்கேயோ, யாருடைய கையையோ பார்த்துவிட்டுத்தான் இதை எழுதியிருப்பார். நான் புத்தி கெட்டவன் என்று சிரித்த ஆள். அந்தக் கட்டைத்தான் நான் அவிழ்த்துவிட்டேன்.

அண்ணன் கொழும்புக்கு விமானம் ஏறினார். அவர் பெட்டியை ஏர்போர்ட்டில் நான்தான் தள்ளினேன். போனதும் ஒரு தடவை போன் செய்தார், கையைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை, ரூமில் என்ன சமையல் என்று கேட்டார். பிறகு அங்கே சண்டை மறுபடி தொடங்கியது. அந்த நம்பர் அப்புறம் கிடைக்கவே இல்லை.

அடுத்த வருஷம் இரண்டு மாத லீவில் ஊருக்குப் போய்த் திரும்பினேன். டூட்டிக்குப் போன முதல் நாள், மூன்றாவது மெஷினின் இடது பொத்தான் மேல் ஏதோ பளபளத்தது. எட்டிலும் இருந்தது. நான் இல்லாதபோது வந்து சேர்ந்திருந்த நேபாளி ஃபிட்டர் செய்தது. சூப்பர்வைசர் டிராயரிலிருந்து ஒன்றை எடுத்து மாதிரிக்குக் கொடுத்திருக்கிறார். துருப்பிடிக்காத ஸ்டீல், கீலில் ஒரு சின்ன ஸ்பிரிங். என்னுடையதைவிட எவ்வளவோ நேர்த்தி.

ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் என் எழுத்து இருந்தது. தமிழ் தெரியாத கை, அதையும் டிசைனில் ஒரு பகுதி என்று நினைத்து, வளைவு மாறாமல் அப்படியே வெட்டியிருந்தது. எட்டிலும்.

திருகாணி இரண்டுதான், கழற்ற ஒரு நிமிஷம்கூட ஆகாது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார். என் விசா அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டும். டூல் ரூமுக்குப் போய் அரத்தை எடுத்து வந்தேன். ஒவ்வொரு மெஷினாக நின்று, என் எழுத்தை மட்டும் அராவி எடுத்தேன். கிளிப்புகளை அப்படியே விட்டுவிட்டேன்.