அபிநயா சொல்லாத பாஸ்வேர்ட்

கொட்டாஞ்சேனையில் நான்காம் தரத்துக்குப் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் முதன்முதலாக வீட்டிலிருந்து டேப்லெட் கொண்டுவந்த அன்று, "பாஸ்வேர்டை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது" என்று காலையில் பாடம் நடத்தினேன். மத்தியானம், பிள்ளைகள் மறந்துபோனால் உதவுமே என்று, கொப்பியோடு மேசை மேசையாகப் போய் அதையே கேட்டு எழுதினேன். சொன்னவர்களை "கெட்டிக்காரப் பிள்ளை" என்று தட்டிக்கொடுத்தேன்.

அபிநயா மட்டும் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பிடிவாதம் பிடிக்காதை, சொல்லு!" என்று எல்லோர் முன்னாலும் அதட்டினேன்.

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு நீங்கள்தானே டீச்சர் சொன்னீங்கள்?" என்றாள், கண் கலங்க.

அவளிடம் மன்னிப்புக் கேட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அதில் முப்பத்தொரு பாஸ்வேர்டுகள் இருந்தன. பெரியவர் ஒருவர் கேட்டவுடன் முப்பத்தொரு பிள்ளைகள் யோசிக்காமல் சொல்லியிருந்தார்கள்.

அவளை அதட்டியதைவிட, அவர்களைத் தட்டிக்கொடுத்ததுதான் இன்னும் உறுத்துகிறது.