ஸ்டீயரிங் பேசவில்லை

அரசுப் பேருந்தில் இருபத்தொன்பது வருடம் ஸ்டீயரிங் பிடித்தவர் திருப்பதி. புதுக்கோட்டையில் ஏறி உட்கார்ந்தால் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், அப்புறம் மீமிசல் கடற்கரை. திரும்ப அதே ரோடு. இத்தனை வருடத்தில் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. இதைக் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

வண்டி தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் டிரைவர் காரணம் எழுத வேண்டும் என்பது டிப்போவில் சட்டம். திருப்பதியும் எழுதுவார். ரயில்வே கேட், செம்மறிக் கூட்டம், கோயில் தேர், கட்சி ஊர்வலம், ஒரு தடவை வானவில். 'டிரைவர்' என்று மட்டும் ஒரு நாளும் எழுதியதில்லை. அவர் மேல் தப்பே கிடையாது என்று அர்த்தமில்லை. எழுதியதில்லை, அவ்வளவுதான்.

அவர் ஓய்வு பெற்ற மாதமே அக்கா மகன் வசந்தகுமார் சிங்கப்பூருக்குக் கிளம்பினான். அவனிடம் இருபது வருடத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. ரத்தச் சிவப்பு, பின்னால் இறக்கை, உட்கார்ந்தால் ரோடு இடுப்புக்கு வரும். "மாமா, சும்மா கெடந்தா எலி தின்னுரும். நீங்க வச்சு ஓட்டுங்க. ஒங்களைத் தவிர வேற யாருகிட்டயும் குடுக்க மனசு வரல" என்று கீரமங்கலத்து வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போனான்.

திருப்பதிக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே ஆலங்குடி வரை ஓட்டிக்கொண்டு போனார். போகும்போது முகமெல்லாம் பல். திரும்பி வரும்போது முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றார் அவர் மனைவி பொற்கொடி.

"இன்ஜின் புலி. பிரேக் சுத்தம். ஆனா ஸ்டீயரிங் பேச மாட்டேங்குது."

பொற்கொடி தொடக்கப் பள்ளி ஆசிரியை. பேசாத பிள்ளைகளைப் பேசவைப்பதும் பேசுகிற பிள்ளைகளை வாயடைக்கவைப்பதும் அவருக்கு முப்பது வருடப் பிழைப்பு. "விடுங்க. வீட்டுல ஒரு ஆளு பேசுறதே தாங்கல" என்றார்.

"ஒனக்கு வெளங்காது. ரோட்டுல கல்லுக் கெடந்தா கைக்குச் சேதி வரணும். ஈரமா, காய்ஞ்சதா, மணலான்னு கைக்குத் தெரியணும். கண்ணை மூடிக்கிட்டு என் பஸ்ஸு எங்கிட்டுப் போகுதுன்னு நான் சொல்வேன். இது என்னடான்னா ஐசியூவுல கெடக்குது."

அன்று சாயங்காலமே பள்ளிக்கூட லாங் சைஸ் நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டார். இடப் பக்கம் 'குறை', வலப் பக்கம் 'சரி செய்தவர் கையொப்பம்'. டிப்போவில் டிரைவர் குறையை எழுதுவார், மெக்கானிக் சரி செய்து கையெழுத்துப் போடுவார், அப்புறம்தான் வண்டி வெளியே போகும். அதே முறை இனி வீட்டிலும். முதல் வரி: 'ஸ்டீயரிங் பேசவில்லை.' கூடவே ஒரு சட்டமும் போட்டார். குறை தீராத வண்டியில் பயணி ஏற்றக் கூடாது.

பயணி என்றால் வேறு யார், பொற்கொடிதான்.

இங்கேதான் விஷயம். பொற்கொடிக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஓர் ஆசை. புருஷன் ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மீமிசலுக்குப் போய்க் கடலைப் பார்க்க வேண்டும். நகை கேட்டாரா, பட்டு கேட்டாரா? பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் சீட்டு கிடையாது, இன்ஜினை மூடிய பானெட்தான். ஒரு தடவை அதே பஸ்ஸில் அறந்தாங்கி வரை போனபோது பெண்கள் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகப் புருஷன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அவர் டூட்டியில் சிரிக்க மாட்டாராம். இப்போது கார் வாசலில் நிற்கிறது, கடல் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் ஸ்டீயரிங் பேசவில்லை.

பொற்கொடியிடம் லைசென்ஸும் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் சக ஆசிரியைகளோடு போய் எட்டுப் போட்டு வாங்கியது. "டிரைவர் வீட்டுல ரெண்டு டிரைவர் எதுக்கு? பீரோவுல பத்திரமா வை" என்று சொல்லிவிட்டார் மனிதர். கார் வந்த பிறகும் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

ஆலங்குடி ரோட்டில் அருள்தாஸ் ஷெட் வைத்திருந்தார். நல்ல மெக்கானிக், பொறுமைசாலி. அந்தப் பொறுமைக்குத்தான் சோதனை வந்தது. முதலில் காற்றைச் சரி பார்த்து, வீல் அலைன்மென்ட் செய்தார். அப்புறம் வசந்தகுமார் அழகுக்காக மாட்டியிருந்த அகல டயரைக் கழற்றி, கம்பெனி அளவு டயரைப் போட்டார். ஸ்டீயரிங் மேல் சுற்றியிருந்த தடித்த பஞ்சு உறையை உரித்தார். டை ராடு எண்டு இரண்டும் தேய்ந்திருந்தன, மாற்றினார். ரேக் புஷ் போயிருந்தது, மாற்றினார். ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் ஜாயின்ட் லேசாக ஆடியது, கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்து அதையும் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டித்தான் வண்டியை வெளியே விடுவார். மாதாகோயிலுக்குப் போகிறவர்தான். ஆனால் வண்டிக்காரர்கள் எதிர்பார்க்கிறார்களே.

ஒவ்வொரு தடவையும் திருப்பதி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து உதட்டைப் பிதுக்குவார்.

"அண்ணே, சத்தியமா சொல்றேன், புது வண்டியில கூட இப்படி வராது. ரோட்டுல எறும்பு போனா கையில தெரியுது."

"ஒன் கையில தெரியுதுன்னு சொல்லி என்கிட்ட கையெழுத்து வாங்கப் பாக்குற."

ஒன்றரை வருடத்தில் நோட்டில் நாற்பத்தோரு குறை. அத்தனையும் ஒரே குறை. 'பேசவில்லை', 'இன்னும் பேசவில்லை', 'முணுமுணுக்கிறது, புரியவில்லை', 'மீண்டும் மௌனம்.'

ஒரு நாள் திருப்பதிக்குத் திடீரென ஞானம் வந்தது. குற்றவாளி பவர் ஸ்டீயரிங்தான்! அதுதான் நடுவில் நின்று சேதியை அமுக்குகிறது. "பெல்ட்டைக் கழட்டு" என்றார்.

"கழட்டுனா கல்லாயிரும்ணே."

"ஆகட்டும். இருபத்தொம்பது வருஷம் கல்லைத்தான் திருப்புனேன்."

கழற்றியாயிற்று. நேர் ரோட்டில் ஜம்மென்று வந்தார். கீரமங்கலம் பூ மார்க்கெட் முக்கில் திரும்ப வேண்டும். காலை நேரம், முல்லையும் கனகாம்பரமும் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தன. ஸ்டீயரிங்கை ஒடித்தார், வரவில்லை. சீட்டிலிருந்து எழுந்து ஒடிக்கலாம் என்றால் இது பஸ்ஸா? தலை கூரையில் இடித்தது. கார் ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் நாலு வேன், இந்தப் பக்கம் ஒரு மினி பஸ். அத்தனை ஹாரனும் ஒரே நேரத்தில் அடித்தன. பூக்கட்டும் மூக்காயி எழுந்து வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"ஏப்பா, காரு ஓட்டுறியா, செக்கு ஆட்டுறியா? வெயில்ல பூவெல்லாம் வாடுதுல்ல!"

கடைசியில் நாலு சுமைதூக்கிகள் காரின் மூக்கைத் தூக்கித் திருப்பி வைத்தார்கள். அரசுப் பேருந்து ஓட்டியவருக்கு அந்த அவமானம் போதாதா? அன்றைய குறை: 'ஸ்டீயரிங் பேசவில்லை. ஊர் பேசியது.' பெல்ட் மறுபடி ஏறியது. அவரை உறுத்தியது வேறொன்று. கனம் வந்ததே தவிர, கைக்குச் சேதி வரவில்லை.

ஸ்டீயரிங் மட்டும்தானா? உலகமே கெட்டுப்போய்விட்டது அவருக்கு. இப்போதெல்லாம் டம்ளர்களை வழுக்குகிற மாதிரி செய்கிறார்கள், பிடித்தால் நிற்பதில்லை. தையல்காரன் காஜாவைச் சின்னதாக வெட்டுகிறான், பித்தான் நுழைவதில்லை. காலையில் எழுந்ததும் இரண்டு கையையும் படபடவென்று உதறுவார். கேட்டால் உடற்பயிற்சி என்பார்.

பங்குனி மாதம் பொற்கொடியின் பொறுமை தீர்ந்தது. பள்ளிக்கூடத்தில் எழுப்புகிற அதே குரலை வீட்டில் எழுப்பினார்.

"இங்க பாருங்க. சித்திரை ஒண்ணாந்தேதி எனக்கு லீவு. அன்னிக்கு நான் முன் சீட்டுல ஒக்காந்து மீமிசல் போகணும். இல்லேன்னா வசந்தகுமாருக்குப் போன் போட்டு வண்டிய வித்துரச் சொல்லிருவேன். வாசல்ல செவப்பா ஒரு கோவத்த நிறுத்தி வச்சு என்னால கோலம் போட முடியாது."

திருப்பதி அன்று சாப்பிடவில்லை. கார் போவதுகூடப் பரவாயில்லை. ஒரு ஸ்டீயரிங்கைப் பேசவைக்க முடியாதவன் என்ன டிரைவர்?  பயந்துபோயிருந்தார் என்றே சொல்லலாம். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஆசைப்பட்டவள் நேரில் பார்க்கட்டும் என்று பொற்கொடியையும் ஷெட்டுக்கு அழைத்துப்போனார். காரை அவர் ஓட்ட, பொற்கொடி பின்னாலேயே ஸ்கூட்டியில். சட்டம் சட்டம்தானே.

அருள்தாஸ் வழக்கம்போல எலுமிச்சம்பழம் வைத்தார். திருப்பதி மெல்ல வண்டியை நகர்த்தினார். நகர்த்தினார், நகர்த்திக்கொண்டே இருந்தார்.

"பழத்தை எங்கப்பா வச்ச?"

"அது நசுங்கி, வண்டி நாலு முழம் தாண்டிருச்சுண்ணே."

அருள்தாஸ் தலையைச் சொறிந்தார். பிறகு ஷெட்டுக்குள் போய்த் தாம்புக் கயிறு ஒன்றை எடுத்துவந்தார். "அண்ணே, ஒரு சோதனை. கண்ண மூடிக்கங்க. கயித்த எடது டயருக்கோ வலது டயருக்கோ முன்னால போடுவேன். ஏறும்போது எந்தப் பக்கம்னு சொல்லுங்க. இஞ்ச் இஞ்ச்சாப் போங்க."

கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸின் போக்கைச் சொல்கிறவருக்கு இது ஒரு சோதனையா? ஐந்து தடவை போட்டார்கள். "வலது", "எடது", "நீ போடவே இல்ல", "வலது", "எடது." ஐந்தும் தப்பு.

"பாத்தியா? செத்த ஸ்டீயரிங்!" என்று வெற்றியோடு இறங்கினார்.

"டீச்சர், நீங்க ஒரு தடவை ஒக்காருங்க" என்றார் அருள்தாஸ்.

திருப்பதி வாயைத் திறப்பதற்குள் பொற்கொடி உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடினார். "இது எடது. இது வலது. திரும்பவும் வலது. இது எடது, ஆனா கயிறு முறுக்கிக்கிட்டுக் கெடக்கு. இது நீங்க போடல, அருள்தாஸ், சின்னப்புள்ளைத்தனமா ஏமாத்தாதீங்க."

ஐந்தும் சரி.  டீக்கடையிலிருந்து டீ வந்தது. கொதிக்கக் கொதிக்க, விளிம்பைப் பிடித்தாலே சுடுகிற டீ. திருப்பதி யோசனையில் கண்ணாடி கிளாஸை முழுசாக விரலால் வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அருள்தாஸ் அந்தக் கையையே பார்த்தார்.

"அண்ணே... சுடலையா?"

பொற்கொடி காரிலிருந்து இறங்கி வந்தார். டம்ளர், பித்தான், காலை உதறல் எல்லாம் ஒரு சேர நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கிளாஸை வாங்கிக் கீழே வைத்தார். சிவந்துபோயிருந்த விரல்களைத் தடவினார். "இப்பத் தெரியுதாங்க?" என்றார். திருப்பதி தன் விரல்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் பிளெஸ்ஸி அவருக்கு மகள் வயதுப் பெண். இரண்டு மணிக்கட்டையும் மடக்கிப் பிடிக்கச் சொன்னார், தட்டிப் பார்த்தார், நரம்புக்குக் கரண்ட் வைத்துச் சோதித்தார்.

"மணிக்கட்டுக்குள்ள நரம்பு நசுங்கியிருக்குங்க ஐயா. கட்டை விரல்லேருந்து மூணு விரலுக்கு உணர்ச்சி கொறைஞ்சு போச்சு. எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமா ஸ்டீயரிங் பேசலைங்க" என்றார் திருப்பதி.

டாக்டர் பொற்கொடியைப் பார்த்தார். பொற்கொடி முழுக் கதையையும் சொன்னார். டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், மேசை டிராயரில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். நிமிர்ந்து, இப்போதைக்கு மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும், அதில் அடங்காவிட்டால் சின்ன ஆபரேஷன், அதுவரை எதையும் ஓட்டக் கூடாது, விரல் பெரும்பாலும் தேறிவிடும் என்றார்.

திருப்பதி பையிலிருந்து நோட்டை எடுத்தார். நாற்பத்தொன்பதாவது குறையாக எழுதினார். பேனா இரண்டு தடவை நழுவியது. 'ஸ்டீயரிங் பேசுகிறது. டிரைவர் கை கேட்கவில்லை.' நோட்டை டாக்டர் பக்கம் தள்ளினார். "வலது பக்கம் ஒரு கையெழுத்துங்கம்மா. அதான் முறை."

டாக்டர் பிளெஸ்ஸி மறுப்பேதும் சொல்லாமல் 'பணி நடைபெறுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வரும் வழியில் ஷெட்டில் இறங்கி, நோட்டிலிருந்த மற்ற நாற்பத்தெட்டுக் குறைகளையும் ஒரே கோடாக அடித்தார். "மன்னிச்சுக்கப்பா" என்றார். அருள்தாஸ் பதறிப்போய், "அட விடுங்கண்ணே, எலுமிச்சம்பழக்காரன்தான் ஒங்களால பொழச்சான்" என்றார்.

சித்திரை ஒன்றாம் தேதி விடிந்தது. திருப்பதி இரண்டு கையிலும் பட்டையோடு வாசலில் நின்றார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கொடுப்பதற்கு அவருக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. இருபத்தொன்பது வருடத்தில் டிப்போ மேனேஜரைத் தவிர யாரிடமும் சாவி கொடுத்ததில்லை.

"இந்தா. லைசென்ஸு பீரோவுல இருக்கா?"

"கைப்பையில இருக்கு. ரெண்டு வருஷமா" என்றார் பொற்கொடி.

முன் சீட்டு அவருக்கு, ஸ்டீயரிங் மனைவிக்கு. அறந்தாங்கி வரை திருப்பதி இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். ஆவுடையார்கோயில் தாண்டியதும் பொற்கொடி தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

"இங்க தாரு புதுசுங்க, வழவழன்னு போகுது... இப்ப எடது பக்கம் ஒரு ஒட்டு... இது என்னங்க, சின்னதா அலை அலையா வருது?"

"பாலம் வருது. அதுக்கு முன்னால மண்ணு எறங்கியிருக்கும். எப்பவுமே அப்படித்தான்" என்றார் திருப்பதி. பாலம் வந்தது.

"இப்ப நறநறங்குது."

"மணலு. காத்துல வந்து ரோட்டுல ஏறிக் கெடக்கும். கடலு பக்கம் வந்துட்டோம்."

அது அவர் ரோடுதான். இரண்டு வருடமாகத் தொலைத்திருந்த ரோடு, ஒவ்வொரு பள்ளமாக, பொற்கொடி வாயால் திரும்பி வந்துகொண்டிருந்தது. சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைக்கப் பார்த்தார், பட்டை இடித்தது.

மீமிசலில் படகுகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் பொற்கொடி வண்டியை நிறுத்தினார். மீன் ஏலம் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. பொற்கொடி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவ்வளவுதானாங்க?" என்றார். பிறகு சிரித்துவிட்டார்.

"நோட்டை எடு" என்றார் திருப்பதி. "பட்டையோட எனக்கு எழுத வராது. நான் சொல்றேன், நீ எழுது. தேதி போடு. கீரமங்கலம் டு மீமிசல். பயணி ஒருத்தர். குறை ஏதும் இல்லை."

பொற்கொடி எழுதினார்.

"தாமதம், ரெண்டு வருஷம்."

பொற்கொடி நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து அதையும் எழுதினார். பள்ளிக்கூடத்துப் பழக்கம், அடுத்த வரியையும் கேட்காமல் விட மனம் வரவில்லை.

"காரணம்? ரயில்வே கேட்டா, செம்மறி ஆடா?"

திருப்பதி பட்டை கட்டிய கையால் அந்த வரியைத் தொட்டார்.

"டிரைவர்னு எழுது" என்றார்.