கயல்விழி அடித்துக்கொண்ட மொட்டை

தம்பி பிறந்து பதினோரு மாதமாகியும் கயல்விழிக்கு அவன்மேல் இருந்த எரிச்சல் அடங்கவில்லை. ஏழு வயதுவரை வீட்டில் அவள் ஒருத்திதான் பிள்ளை. பள்ளிக்குக் கிளம்புமுன் அம்மா கல்பனா அரைமணி நேரம் அவளுடைய நீள முடியை வாரிப் பின்னிவிடுவாள். தம்பி இளம்பரிதி வந்தபிறகு அந்த அரைமணி இரண்டு நிமிடமாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களும் நேராகத் தொட்டிலுக்குத்தான் போனார்கள்.

தம்பிக்கு மொட்டையடித்துக் காது குத்த மலைக்கோயிலுக்குப் போனார்கள். மணவூரிலிருந்து மாமா துளசிங்கம் காலை ரயிலில் வந்திருந்தார். எப்போதும் வந்ததும் கயலைத் தூக்கிச் சுற்றுகிறவர், அன்றைக்கு "கொஞ்சம் தள்ளிக்கோ கண்ணு" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். எப்போதும் அவள் உட்காரும் மாமாவின் மடியில் அவனை வைத்து மொட்டையடித்தார்கள். அவன் வீறிட்டான். அப்பா டில்லிபாபு கிலுகிலுப்பை ஆட்டினார். அம்மா கெஞ்சினாள், கொஞ்சினாள். முடிந்ததும் அவனைக் குளிப்பாட்ட எல்லாரும் எழுந்து போனார்கள். கயலை யாரும் கூப்பிடவில்லை.

அவள் போய்க் கத்தி பிடித்தவர்முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"உனக்குமா பாப்பா?"

"ஆங். எங்கம்மா வேண்டிகினாங்க."

மகளைக் காணோமென்று கல்பனா ஓடிவந்து பார்த்தபோது பாதித் தலை வழுவழுவென்று இருந்தது. இடுப்புவரை வளர்ந்த முடி தரையில் கிடந்தது.

"அய்யோ, இன்னாடி பண்ணிகினே!" என்று கையை ஓங்கினாள்.

"அவனுக்குன்னா எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க. என்னாண்ட ஒருத்தரும் நிக்கல." அதுவரை வராத அழுகை அப்போதுதான் கயலுக்கு வந்தது.

ஓங்கிய கை இறங்கியது. மீதி முடியும் விழும்வரை கல்பனா மகளின் விரல்களைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு குளிப்பாட்டி, சந்தனம் குழைத்துத் தலையில் பூசினாள். மாமாவின் தோளிலிருந்து தம்பி அம்மாவிடம் தாவினான்.

"இரும்மா, காதாண்ட இன்னும் பூசல" என்று கயல் அம்மாவின் கையை இழுத்து வைத்துக்கொண்டாள். அங்கே இரண்டு முறை பூசியாகிவிட்டது. கல்பனா மூன்றாவது முறையும் பூசினாள்.

காதுகுத்தும் முடிந்து மலையிலிருந்து ஆட்டோவில் இறங்கும்போது, தம்பி அவளுடைய மொட்டையைத் தடவிச் சிரித்தான். தட்டிவிட்டாள். மறுபடியும் தடவினான். சரி போகட்டுமென்று விட்டுவிட்டாள். ஆனால் அம்மாவின் மடியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு அவனுக்குப் பாதி இடம்தான் கொடுத்தாள்.