ரெஜிஸ்டர் நம்பர் எழுதிய கை

அது ஐந்தாவது நேர்காணல். இதுவும் கைவிட்டுப் போனால் திங்கட்கிழமை முதல் அம்மாவோடு நடவுக்குப் போகவேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. கம்ப்யூட்டர் படித்துவிட்டு இரண்டு வருடமாகக் களமருதூரில் சும்மா கிடந்தவளுக்கு எதிர்த்துப் பேச வாயில்லை. நான் லேப்டாப் முன்னால் பேசும்போது கோழி கத்தக்கூடாதென்று, அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டு வாசலில் காவல் நின்றாள்.

திரையில் இருந்தவர் கேட்டது சின்ன விஷயம். பட்டியலில் உள்ள எண்களை எல்லாம் இரட்டிப்பாக்க வேண்டும். அதற்கான ஃபங்ஷனை, அதாவது அந்த வேலையைச் செய்யும் சின்ன நிரலை, தனியாகப் பெயர் வைத்து எழுதாமல், தேவைப்படும் இடத்திலேயே பெயரில்லாமல் எழுதவேண்டும். ஒரு சாய்கோடு, ஒரு அம்புக்குறி, அரை வரி வேலை.

எங்கள் கல்லூரி லேபில், காப்பியடித்தால் கண்டுபிடிக்க வேண்டுமென்று, எல்லா ஃபங்ஷனுக்கும் அவரவர் ரெஜிஸ்டர் நம்பரைச் சேர்த்துப் பெயர் வைக்கச் சொல்வார்கள். இல்லாவிட்டால் மார்க் கிடையாது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, என் பாழாய்ப்போன கை முதலில் அதைத்தான் அடித்தது. அழித்தேன். மறுபடியும் அதையே அடித்தது.

“பேர் வேணாம்னு சொன்னேனே,” என்றார் அவர். “சரி, ஏன் வேணாம்னாவது சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க.”

உயிர் போகிற அவசரத்தில் வாய்க்கு வந்தது இதுதான்: “நடவுக்கு ஒரு ஆள் கொறஞ்சா, பஸ் ஸ்டாப்புல நின்னுகினு இருக்கறவங்கள கூப்டுக்குவாங்க சார். அந்த வயலு முடிஞ்சா அனுப்பிடுவாங்க. பேரெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்க.”

அவர் சிரித்துவிட்டார். “கரெக்ட்டுங்க. இப்ப எழுதுங்க.”

கை மூன்றாவது முறையும் ரெஜிஸ்டர் நம்பரையே அடித்தது. நேரம் முடிந்துவிட்டது.

லேப்டாப்பை மூடிவிட்டு அழுதேன். அம்மா வாசலை விட்டு நகரவில்லை. “அப்பிடி எத்தினி வயல்ல நட்டிருக்கேன் தெரியுமா? என்னிய நெனச்சிகினுதான சொன்ன?” என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வேலை இல்லையென்று சாயங்காலமே மெயில் வந்தது.

திங்கட்கிழமை அப்பாவின் பழைய நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். நாற்றை எத்தனை விரலால் பிடிப்பதென்றுகூடத் தெரியவில்லை. வரப்பிலிருந்து மேஸ்திரி கத்தினார்: “ஏ நீலச் சட்ட! இன்னா நடற நீ, வரிச கோணிகினு போவுது!”

அம்மா கையிலிருந்த நாற்று முடியைச் சேற்றிலேயே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். “அவளுக்குப் பேரு இருக்குதுங்க,” என்றாள். பிறகு வயல் முழுக்கக் கேட்கும்படி என் பெயரைச் சொன்னாள்.