கிட்டார் கழுத்துக்கு அடியில் ஒரு தோல்துண்டு

அந்த பேஸ் கிட்டாரை என் ரிப்பேர் கடை மேசைமேல் வைத்ததுமே எனக்குக் குமட்டியது. நாலு கம்பிக்குச் செய்த உடம்பில் ஐந்தாவதாக ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தது. பைக்கிலிருந்து கழற்றிய சிவப்பு விளக்கு, எதற்கென்றே தெரியாத மூன்று சுவிட்சுகள், பின்பக்கம் பேட்டரிக்காகப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொசுக்கிய ஓட்டை. ஒரு கட்டையை இப்படியா குதறுவது?

குதறியவன் எதிரில்தான் நின்றான். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிறவன். சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசிப்பவன். மழை வந்தால் கம்பிகள் இரைகின்றன என்றான்.

"இந்த ஞாயித்துக்கெழமையும் இரைஞ்சா நீ வாசிக்கவே வேணாம்னு பாஸ்டர் சொல்ட்டாருண்ணா. கீபோர்டுக்காரன் எடது கையாலயே பேஸ் வாசிச்சிக்குவானாம். என் வேலைக்கு அவனோட ஒரு கை போதுமாம்!"

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டு, ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்துப் பிரித்துத் தொழில் கற்றவன். எதைத் தொட்டாலும் என் கையிலேயே உடைந்துவிடுமோ என்ற பயம் இன்னும் போகவில்லை. முடியாதென்று அனுப்பியிருக்கலாம். ஆனால் கழுத்துக்கும் உடம்புக்கும் நடுவே கறுப்பாக எதுவோ பிதுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை.

நாலு திருகுகளைக் கழற்றியும் கழுத்து அசையவில்லை.

"இன்னா போட்டு ஒட்டின?"

"கம்பெனி பசைதாண்ணா. ஷூ பிஞ்சாலும் அது பிய்யாது."

இழுத்தால் கட்டை பிளக்கும். விட்டால் அவன் இடம் போகும். ஹேர் டிரையரால் சூடு காட்டி, தட்டைக் கத்தியை நுழைத்து நெம்பினேன். பட்டென்று ஒரு சத்தம். கத்தியை நிறுத்திக் குனிந்து பார்த்தேன். நல்லவேளை, விட்டது பசைதான். கழுத்தோடு நாற்றமும் கிளம்பியது. உள்ளே ஒரு தோல்துண்டு, பாதி இங்கே பாதி அங்கே உரிந்து, ஊறிப்போய், பூஞ்சை பிடித்துக் கிடந்தது.

"தோலை ஏண்டா வெச்ச?"

"கழுத்து எறங்கியிருந்திச்சி. ஷூவுக்குள்ள அட்டை வெச்சித் தூக்குவோமில்ல, அப்டி தூக்கினேன். எக்ஸ்போர்ட் லெதருண்ணா!"

காலுக்கு மெத்தென்று இருப்பது கிட்டாருக்கு ஆகாது. தோல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். உப்பிக் கழுத்தைத் தூக்கினால் கம்பிகள் அதில் உரசி இரையும். அது தெரியாமல், இரைச்சலை அடக்க வருஷத்துக்கொரு சுவிட்சு வைத்திருக்கிறான்!

பழைய பசை சுரண்டச் சுரண்டச் சளி மாதிரி உருண்டு விரலில் ஒட்டியது. சகித்துக்கொண்டு முழுவதும் எடுத்தேன். தோல் இருந்த இடத்தில் மெல்லிய மரச்சீவலை வைத்துத் திருகுகளை முடுக்கினேன்.

ஞாயிறு காலையிலிருந்து தூறல். மரச்சீவலும் ஏமாற்றிவிடுமோ என்று எனக்கு இட்லி இறங்கவில்லை. மதியம் அவன் கிட்டாரோடு வந்து நின்றான்.

"ஒரு எடத்துலகூட இரையலண்ணா! கீபோர்டுக்காரன் மூஞ்சியப் பாக்கணுமே!"

எனக்கு மூச்சு வந்தது. அவன் கிட்டாரைத் திருப்பி, மிச்சமிருந்த நல்ல கட்டையில் விரலை வைத்தான்.

"இந்த எடத்துல இன்னொரு சுவிட்சு வெச்சா எப்டிண்ணா இருக்கும்?"

கிட்டாரை அவன் கையிலிருந்து பிடுங்கி, பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"வூட்டுக்குப் போடா."